அம்பு ஸ்டிக்கர்

டியூப் லைட்டை அணைத்தேன்.
"கரண்டு போயிருச்சுங்களா?" என்றாள் துளசிமணி.
இனிமேல்தான் வெளிச்சம் என்றேன்.
நம்பாமல் சிரித்தாள்.

அனுப்பர்பாளையத்தில் இந்த மாடியறையை
ஒரு சன்னலுக்காகப் பிடித்தேன்.
வடக்குப் பார்த்தது. வெயில் உள்ளே வராது,
வெயிலின் சேதி மட்டும் வரும்.
கீழே பாத்திரப் பட்டறை.
குடங்களுக்கு மெருகேற்றும் சக்கரம்
ஆறு நாளும் ஒரே சுருதியில் அழுதுவிட்டு
ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடும்.
அவளுக்கும் ஞாயிறுதான் லீவு.

பனியன் கம்பெனியில் செக்கிங்.
பன்னிரண்டு வருடம்
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
மூன்று மணி நேரம் சும்மா உட்கார
ஒருவர் காசு கொடுப்பார் என்பதே
அவளுக்கு ஏதோ ஏமாற்று வேலையாகப் பட்டது.

நாற்காலியைச் சன்னலிலிருந்து
ஒரு கை தூரத்தில் போட்டேன்.
இடது கன்னம் வெளிச்சத்துக்கு.
கொஞ்சம் திரும்புங்க.
ஐயோ, அவ்வளவு வேண்டாம்.
மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொட்டதும்
நின்றுவிட வேண்டும்.

போனில் பார்த்தாள்.
"பாதி மூஞ்சிதானுங்க இருக்குது.
மீதிக்குக் காசு புடிச்சுக்குவீங்களா?"

கேமராவுக்கு நிழல் என்றால் கரி.
காதோரத்துச் சிவப்பும்
கழுத்து மடிப்பில் தங்கிய
நாவல்பழ நிறமும்
என் கண்ணுக்குத் தெரிவது அதற்குத் தெரியாது.
திரையில் கன்னத்தைத் தொட்டு ஒரு படம்,
காதைத் தொட்டு ஒரு படம்.
வரையும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு
நடுவில் எங்கோ அவளைத் தேட வேண்டும்.

நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைக்
கொடியில் விரித்தேன்.
"அது ஆப்டிக் வெள்ளைங்க."
தலையைத் திருப்பாமலே சொன்னாள்.
"பகல் வெளிச்சத்துல நீலம் அடிக்கும்.
டியூப்ல தெரியாது.
பையரு மூணு லைட்டுல புடிச்சுப் பாப்பானுங்க,
அப்பத்தான் லாட்டே ரிட்டனு."
பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து
அதைச் சுற்றியிருந்த கட் பீஸை உதறி நீட்டினாள்.
"இது ஹாஃப் வைட்டு. இதப் போடுங்க."

போட்டேன்.
காதுக்குள் ரத்தம் திரும்பியது.

இத்தனை வருடமாக
எல்லா முகத்தின் நிழலிலும் ஒரு நீலம் பார்த்தேன்.
அதை வானம் என்றே எண்ணி
பயபக்தியோடு தீட்டியும் வைத்தேன்.
அது சலவைத் துணி.

பதினொன்றரைக்குக் கீழே ஒரு டெம்போ வந்தது.
சாக்குகளை விலக்கிக் குடங்களை
ஒவ்வொன்றாக வாசலில் அடுக்கினார்கள்.
ஆனி மாத வெயில்
பித்தளை மேல் விழுந்து, சுவரேறி,
சன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து
அவள் தாடைக்கு அடியில்
வந்து உட்கார்ந்தது. மஞ்சள்.
ஒரு ரூபாய் நாணயம் அளவு.
யார் கேட்டது உன்னை என்று
நான் திட்டுவதற்குள் விரல் அழுத்திவிட்டது.

போனை வாங்கிக்கொண்டாள்.
துணியை இழுத்துப் பிடிப்பதுபோல
இரண்டு விரலால் தன் முகத்தை விரித்தாள்.
நெற்றி. புருவம்.
கண்ணுக்குள் சன்னல் சின்னதாய், கம்பிகளோடு.
இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்.
தாடையில் கை நின்றது.
பர்ஸிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து
கண்ணாடி மேலேயே ஒட்டினாள்.
"ஸ்டெயினுங்க."

அழித்துவிடவா என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன். யோசித்தாள்.
அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல,
ரிஜெக்டா, பாஸா என்று.
"ஒரு மணி பஸ்ஸுங்க," என்று எழுந்தாள்,
"அடுத்த வாரம் சொல்றனுங்க."

கட் பீஸை மறந்துவிட்டுப் போனாள்.
அம்பையும்.

கேன்வாஸில் தாடைவரை வந்துவிட்டேன்,
அங்கேயே நிற்கிறேன்.
போனில் எதைத் திறந்தாலும்
அதே இடத்தில் அம்பு.
நேற்று வாடகை கேட்டு
வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார்.
அவர் கழுத்தைக் காட்டியது.
அங்கே மஞ்சள் ஒன்றுமில்லை.
பார்த்தேன்.